கடல் எந்தப் பக்கம் இழுக்கிறது?

(பழைய மாணவர் சங்கத்தின் ஆண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை. பேச்சின் போக்கை மாற்றாமல் எழுத்தாக்கப்பட்டது.)



பேசச் சொன்ன செயலாளர், "உங்கள் துறையைப் பற்றியே பேசுங்கள், ஆனால் புரிகிற மாதிரி பேசுங்கள்" என்றார். அந்த இரண்டாவது நிபந்தனைதான் கஷ்டம். முயற்சி செய்கிறேன்.

நம் பௌதிகச் சோதனைச்சாலையில் ஒரு சிற்றலைத் தொட்டி இருந்தது. கண்ணாடி அடித்தட்டு, கீழே வெள்ளைக் காகிதம், மேலே ஒரு விளக்கு. ஒரு சின்ன மோட்டார் தண்ணீரைத் தட்டிக்கொண்டே இருக்கும். காகிதத்தில் அலைகளின் நிழல் கோடு கோடாக விழும். ஒரு நாள் நான் விடுதியில் பூரி சாப்பிட்டுவிட்டு, கையைச் சரியாகக் கழுவாமல், அந்தத் தொட்டியில் விரலை வைத்துவிட்டேன். சில நொடிகளில் கோடெல்லாம் மங்கிப்போய்க் காகிதம் வெறிச்சென்று ஆகிவிட்டது. மோட்டார் ஓடுகிறது, அலையைக் காணோம். "என்னய்யா பண்ணித் தொலைச்சே?" என்று வாத்தியார் சத்தம் போட்டார். தொட்டி முழுவதையும் சோப்புப் போட்டுக் கழுவி, பிறகு சோப்பு போகும்வரை இன்னும் பத்து தடவை கழுவினேன். அன்றைக்கு நான் செய்த தப்பைத்தான், பூமிக்கு மேலே எழுநூறு கிலோமீட்டர் உயரத்தில் பறக்கும் செயற்கைக்கோள்கள் இன்றைக்குக் கடலில் தேடிக்கொண்டிருக்கின்றன. பூரி எண்ணெய்க்குப் பதில் கப்பல் எண்ணெய், அவ்வளவுதான் வித்தியாசம்.

தாம்பரத்துக்காரர்களுக்குக் கடல் என்றால் ஞாயிற்றுக்கிழமை போகிற இடம். பறவை பறக்கிற கணக்கில் இங்கிருந்து கிழக்கே பதினைந்து கிலோமீட்டர். அந்தப் பதினைந்து கிலோமீட்டரை 2017-இல் ஒரு மீன்காரம்மா எனக்குக் குறைத்துக் காட்டினார்.

நடந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். 2017 ஜனவரி 28, அதிகாலை நாலு மணிக்குச் சற்று முன்பு, எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. ஒன்று 'பி.டபிள்யூ. மேப்பிள்', எரிவாயு ஏற்றி வந்த கப்பல், சரக்கை இறக்கிவிட்டு வெளியே போய்க்கொண்டிருந்தது. இன்னொன்று 'டான் காஞ்சிபுரம்', பெட்ரோலியப் பொருள் ஏற்றிக்கொண்டு உள்ளே வந்துகொண்டிருந்தது. டான் காஞ்சிபுரத்தின் பக்கவாட்டில் ஓட்டை விழுந்து, கப்பல் இயந்திரத்துக்கான கனமான உலை எண்ணெய் கொட்டியது. கறுப்பு, தார் மாதிரி, கையில் பட்டால் மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தாலும் லேசில் போகாத சரக்கு.

முதல் நாள் துறைமுகத்தின் அறிக்கை, எண்ணெய் மாசு ஏதும் இல்லை என்றது. அதற்குப் பிறகு சில டன், இருபது டன் என்று பேச்சு மாறிக்கொண்டே போய், கடைசியில் சுமார் இருநூறு டன் அளவில் வந்து நின்றது. அதற்குள் எண்ணெய் தெற்கே இறங்கிவிட்டது. எர்ணாவூர் பக்கம் பாறைகளுக்கு நடுவே கெட்டியாகச் சேர்ந்தது. மெரினாவுக்கு வந்தது. திருவான்மியூர், பாலவாக்கம், நீலாங்கரை வரை மணலில் கறுப்புப் பொட்டாக ஒதுங்கியது. அந்த வருஷம் முட்டையிட வந்த பங்குனி ஆமைகள் சில எண்ணெய் பூசிச் செத்துக் கிடந்தன.

அந்த வாரம் தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போனேன். எப்போதும் என்னிடம் பேரம் பேசி ஜெயிக்கிற அம்மா, கூடையில் பாதிக்கு மேல் மீனை வைத்துக்கொண்டு ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். "இது எண்ணூர் மீனு இல்ல சார், கடலூர் மீனு. சொன்னா யாரு நம்பறாங்க? கடலு எண்ணெயாப் போச்சுன்னு டிவியில சொல்லிட்டான். எந்தக் கடலுன்னு சொன்னானா?" என்றார்.

நண்பர்களே, கடல் ஆராய்ச்சியில் முப்பது வருஷம் ஓட்டியவன் நான். இவ்வளவு சரியான கேள்வியை எந்தக் கருத்தரங்கிலும் யாரும் என்னிடம் கேட்டதில்லை. எந்தக் கடல்? எண்ணெய் இப்போது எங்கே இருக்கிறது, நாளைக்கு எங்கே இருக்கும், எவ்வளவு இருக்கிறது? இந்த மூன்றுக்கும் பதில் இருந்தால், எங்கே மீன் பிடிக்கலாம், எங்கே கூடாது, எந்தக் குப்பத்தில் முன்கூட்டியே தடுப்பு போடலாம் என்று சொல்லிவிடலாம். பதில் இல்லையென்றால் காசிமேட்டில் ஆரம்பித்துத் தாம்பரம் மார்க்கெட் வரை எல்லோர் கூடையும் ஒன்றுதான்.

முதல் கேள்வி, எங்கே இருக்கிறது என்பது. இதற்குப் பதில் சொல்வதில் நாம் உண்மையிலேயே முன்னேறிவிட்டோம்.

எண்ணெய் அலையை அடக்கும் என்பது மாலுமிகளுக்குப் பழங்காலத்திலிருந்தே தெரிந்த விஷயம். மின்னலில் பட்டம் விட்ட பெஞ்சமின் பிராங்க்ளின், லண்டனில் கிளாப்பம் என்ற இடத்துக் குளத்தில் ஒரு தேக்கரண்டி எண்ணெயை ஊற்றிப் பார்த்தார். அரை ஏக்கர் தண்ணீர் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது என்று 1774-இல் எழுதினார். மெல்லிய படலம் தண்ணீரின் மேற்பரப்பு இழுவிசையை மாற்றி, சில சென்டிமீட்டர் நீளமுள்ள சிற்றலைகளைச் சாகடிக்கிறது. பெரிய அலை போய்க்கொண்டேதான் இருக்கும், அதன் மேல் இருக்கிற சுருக்கங்கள் மட்டும் மறைந்துவிடும்.

செயற்கைக்கோள் ரேடார் பார்ப்பது அந்தச் சுருக்கங்களைத்தான். ஐரோப்பியர்களின் சென்டினல்-1 செயற்கைக்கோள் அனுப்பும் ரேடியோ அலையின் நீளம் ஐந்தரை சென்டிமீட்டர் சொச்சம். சாய்வாக அடித்துவிட்டு எதிரொலிக்குக் காத்திருக்கும். சுருக்கமுள்ள கடல் கொஞ்சம் எதிரொலியைத் திருப்பி அனுப்பும், படத்தில் சாம்பல் நிறமாகத் தெரியும். எண்ணெய் படிந்த இடம் கண்ணாடி மாதிரி எல்லாவற்றையும் எதிர்ப்பக்கம் தள்ளிவிடும், படத்தில் கறுப்பாகத் தெரியும். பகல் வேண்டாம், மேகம் தடை இல்லை. நம் நாட்டின் ரிசாட்-1 செயற்கைக்கோளும் இதே வேலைக்கு ஆனதுதான், 2012-இல் போனது. அதன் வாரிசு இ.ஓ.எஸ்.-04 என்ற பெயரில் 2022 பிப்ரவரியில் போனது.

ஆனால் கறுப்பாகத் தெரிவதெல்லாம் எண்ணெய் இல்லை. காற்றே வீசாமல் கடல் தூங்கினாலும் கறுப்பு. பாசி பூத்துப் பிசுபிசுப்பு மிதந்தாலும் கறுப்பு. பலத்த காற்று அடித்தால் எண்ணெய் கலங்கிக் கீழே போய், இருக்கிற கறுப்பும் காணாமல் போய்விடும். காற்று வினாடிக்கு மூன்று மீட்டரிலிருந்து பத்து, பன்னிரண்டு மீட்டர்வரை இருந்தால்தான் இந்தக் கண்ணுக்குப் பார்வை. தவிர, செயற்கைக்கோள் நாம் கூப்பிட்டால் வராது. அது தன் பாதையில் தன் நேரத்துக்குத்தான் வரும். நம் பழைய மீட்டர்கேஜ் வண்டியாவது பத்து நிமிஷத்தில் அடுத்தது வரும்.

எவ்வளவு என்ற கேள்வியில்தான் எல்லோரும் வழுக்கி விழுகிறோம். ஒரு கணக்கு சொல்கிறேன், மாணவர்கள் மனதிலேயே போட்டுப் பாருங்கள். ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பில் ஒரு மைக்ரான் கனத்துக்கு எண்ணெய் இருந்தால் எவ்வளவு? ஆயிரம் லிட்டர், ஏறக்குறைய ஒரு டன். அதே பரப்பில் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கனம் இருந்தால்? நூறு டன். சாதாரண ரேடார் படத்தில் இரண்டும் ஒரே கறுப்பு! கண்ணால் பார்க்கிற விமானிக்கு ஒரு வழி இருக்கிறது. வானவில் நிறம் தெரிந்தால் சில மைக்ரானுக்குள், உலோகப் பளபளப்பு வந்தால் அதைவிடக் கனம், எண்ணெயின் சொந்தக் கறுப்பே தெரிந்தால் இன்னும் அதிகம் என்று ஐரோப்பாவில் ஒரு நிற அட்டவணையே வைத்திருக்கிறார்கள். மெக்சிகோ வளைகுடாவில் 2010-இல் டீப்வாட்டர் ஹொரைசன் வெடித்தபோது, நாசா விமானத்தில் ரேடாரை ஏற்றிப் பறந்து, நீண்ட அலைவரிசையில் பார்த்தால் கெட்டியான எண்ணெயையும் மெல்லிய படலத்தையும் பிரித்தறிய முடியும் என்று காட்டினார்கள். 2025 ஜூலை 30-ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போனதே நிசார், அதில் அந்த நீண்ட அலைவரிசை ரேடாரும், இஸ்ரோ செய்த இன்னொரு ரேடாரும் சேர்ந்தே இருக்கின்றன. விரித்தால் பன்னிரண்டு மீட்டர் அகலக் குடை. பன்னிரண்டு நாளில் இரண்டு முறை ஒரே இடத்தைப் பார்க்கும். நிலநடுக்கத்துக்கும் பனிமலைக்கும் வயலுக்கும் என்று அனுப்பியது. நம் கடலையும் அதன் கணக்கில் சேர்க்க வேண்டியது நம் பொறுப்பு.

முதல் நாள் யாரும் கனத்தை அளக்கவில்லை என்பது ஒரு பக்கம். அளக்காமலே எண்ணைச் சொன்னது இன்னொரு பக்கம். முதல் கணக்குக் குறைவாக இருந்தால் அதற்குத் தகுந்த மாதிரிதான் ஆளும் சாமானும் வரும். எர்ணாவூருக்கு வந்தது பிளாஸ்டிக் வாளி. அந்த மாதம்தான் மெரினாவில் ஜல்லிக்கட்டுக்காக லட்சக்கணக்கில் பிள்ளைகள் கூடியிருந்தார்கள். அடுத்த வாரமே நூற்றுக்கணக்கான மாணவர்கள் கையுறை மாட்டிக்கொண்டு எண்ணெய் அள்ள வந்துவிட்டார்கள். நானும் இரண்டு நாள் போனேன். வரிசையாக நின்று வாளியைக் கை மாற்றி மாற்றிக் கரையேற்றினோம். பெருமையாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது.

இப்போது மூன்றாவதுக்கு வருகிறேன். நாளைக்கு எங்கே போகும்? என் சொந்த மண் இதுதான், கொஞ்சம் நீளமாகப் பேசினால் மன்னிக்க வேண்டும்.

தாம்பரத்திலிருந்து மேடவாக்கம் வழியாக வேளச்சேரி ரோட்டில் போனால், பள்ளிக்கரணையில் சதுப்பு நிலம் ஆரம்பிக்கிற இடத்தில் ஒரு பெரிய வளாகம் இருக்கிறது. தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம். 1993-இல் ஆரம்பித்தது. தினமும் பஸ்ஸில் அதைத் தாண்டிப் போகிற நம் மாணவர்கள் பலர், அங்கே என்ன நடக்கிறது என்று கேட்டால் உதட்டைப் பிதுக்குகிறார்கள். நடுக்கடலில் நங்கூரமிட்டு நிற்கும் அளவை மிதவைகளை நம் நாட்டுக்காகப் போட்டுப் பராமரிப்பது அவர்கள்தான். இன்னொரு வேலையும் செய்தார்கள். 2008-ஐ ஒட்டிய வருஷங்களில், நாட்டின் கரையோரம் ஐந்து இடங்களில், இடத்துக்கு இரண்டு வீதம் பத்து ரேடார் நிலையங்கள் நிறுவினார்கள். குஜராத், ஆந்திரா, ஒடிசா, அந்தமான், நம் பக்கத்தில் கல்பாக்கமும் கடலூரும்.

இந்த ரேடார் விமானத்தைப் பார்க்கிற ரேடார் இல்லை. கடற்கரையில் ஒல்லியான கம்பம் ஒன்றிரண்டு நிற்கும், சவுக்குத் தோப்பு நடுவே யாரும் கவனிக்க மாட்டார்கள். அது அனுப்புவது சிற்றலை வானொலி மாதிரி அலை. நம் கரையில் இருப்பதற்கு ஏறக்குறைய 4.4 மெகாஹெர்ட்ஸ், அலைநீளம் அறுபத்தெட்டு மீட்டர். உப்புத் தண்ணீர் மின்சாரத்தைக் கடத்துவதால் இந்த அலை கடலின் முதுகை ஒட்டி, அடிவானத்தையும் தாண்டி இருநூறு கிலோமீட்டர்வரை போகும். போகிற வழியில் தன் நீளத்தில் சரி பாதி, அதாவது முப்பத்து நாலு மீட்டர் நீளமுள்ள கடல் அலைகளைப் பார்த்தால், ஒவ்வொரு முகட்டிலிருந்தும் வருகிற எதிரொலி ஒன்றோடொன்று கைகோத்துப் பலமாகத் திரும்பும். ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுகிற மாதிரி. இதை 1955-இல் குரோம்பி என்பவர் கண்டுபிடித்தார்.

நம் ஸ்டேஷனில் நிற்காமல் போகிற எக்ஸ்பிரஸ் ஊதிக்கொண்டே வரும். நம்மைத் தாண்டியதும் சத்தம் சட்டென்று இறங்கும், கவனித்திருப்பீர்கள். அதே தத்துவத்தால் எதிரொலியின் சுருதி மாற்றத்தை வைத்து அந்தக் கடல் அலை என்ன வேகத்தில் வருகிறது என்று சொல்லிவிடலாம். அழகு இங்கேதான் இருக்கிறது. முப்பத்து நாலு மீட்டர் அலை, ஆழமான நிம்மதியான தண்ணீரில் என்ன வேகத்தில் போக வேண்டும் என்பது புத்தகத்திலேயே இருக்கிறது: வினாடிக்கு 7.3 மீட்டர். ரேடார் 7.6 என்று காட்டினால்? மிச்சம் 0.3 அலையின் வேகம் இல்லை, அலையைச் சுமந்துகொண்டு போகிற தண்ணீரின் வேகம். ஓடுகிற ரயிலுக்குள் ஒருவர் நடப்பதைப் பார்த்து ரயிலின் வேகத்தைக் கண்டுபிடிப்பது போல. கடலில் ஒரு குச்சிகூடப் போடாமல், கரையில் உட்கார்ந்தபடி, ஆயிரக்கணக்கான சதுர கிலோமீட்டருக்கு நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கிறது என்ற படம் நேரத்துக்கு நேரம் வந்துகொண்டே இருக்கும்.

ஒரு ரேடார், தண்ணீர் தன்னை நோக்கி வருகிறதா, விலகிப் போகிறதா என்பதை மட்டும்தான் சொல்லும். பக்கவாட்டில் போனால் தெரியாது. அதனால்தான் இரண்டு வேண்டும், இரண்டும் கடலை வேறு வேறு கோணத்தில் பார்க்க வேண்டும். இந்த இடத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பி வருகிறேன்.

நீரோட்டம் தெரிந்தால் போதாது. ரேடார் சொல்வது மேல் இரண்டு மூன்று மீட்டர் தண்ணீரின் சராசரி. எண்ணெய் இருப்பதோ மேல் தோலில். காற்று அதைத் தனியாக இழுக்கும். காற்றின் வேகத்தில் நூற்றுக்கு மூன்று பங்கு என்பது பழைய, நம்பகமான கணக்கு. வினாடிக்கு ஆறு மீட்டர் வாடைக் காற்று வீசினால், அது மட்டுமே எண்ணெயை ஒரு நாளைக்குப் பதினைந்து கிலோமீட்டர் நகர்த்திவிடும். எண்ணூரிலிருந்து திருவான்மியூர் இருபத்தெட்டு கிலோமீட்டர். நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஹைதராபாதில் 'இன்காய்ஸ்' என்று ஒரு நிறுவனம், கடல் தகவல் சேவைக்கான தேசிய மையம். சுனாமி எச்சரிக்கை தருகிறவர்களும் இவர்களே. அமெரிக்கர்கள் எண்ணெய்க் கசிவுக்காகவே எழுதிய 'நோம்' என்ற கம்ப்யூட்டர் மென்பொருளில், நம் கடலின் நீரோட்டத்தையும் காற்றையும் ஊட்டி, எண்ணெயை ஆயிரக்கணக்கான புள்ளிகளாக வைத்து ஓட்டிப் பார்ப்பார்கள். 2017-இலும் ஓட்டினார்கள். எண்ணெய் கரையை ஒட்டித் தெற்கே போகும் என்று கடலோரக் காவல் படைக்குச் சொன்னார்கள். போனது. ஆகவே 'விஞ்ஞானம் என்ன கிழித்தது' என்று கேட்கிறவர்களுக்கு, கிழித்தது ஐயா, சரியாகவே கிழித்தது என்று சொல்லலாம்.

ஆனால் எர்ணாவூரில் என் பக்கத்தில் நின்று வாளி வாங்கிய பெரியவர், என் வயதுதான் இருக்கும், அந்தக் குப்பத்துக்காரர், நான் இதையெல்லாம் பெருமையாக விளக்கியபோது பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "தெக்கால போவும்னு எங்களுக்கும் தெரியும் சார். தை மாசம், வாடை அடிக்குது, வேற எங்க போவும்? ஆனா இந்தக் கல்லு சந்துல வந்து நிக்கும்னு உங்க மிசினு சொல்லுச்சா?"

சொல்லவில்லை. எனக்கு வாயடைத்துவிட்டது.

ஏன் சொல்லவில்லை? கல்பாக்கமும் கடலூரும் எங்கே இருக்கின்றன என்று வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். எண்ணூரிலிருந்து இரண்டுமே ஏறக்குறைய ஒரே திசையில், தெற்கே சற்று மேற்காக. இரண்டு கோட்டுக்கும் நடுவே ஐந்தாறு டிகிரிதான் கோணம். இரண்டு கண்ணும் ஒரே துவாரத்தின் வழியாகப் பார்ப்பது போல. தூரம் எட்டினாலும், கரையை நோக்கித் தள்ளுகிற குறுக்கு ஓட்டத்தை அந்த ஜோடியால் சரியாகப் பிரித்துச் சொல்ல முடியாது. அந்த ரேடாரின் ஒரு கட்டமே ஆறு கிலோமீட்டர். எர்ணாவூர்ப் பாறைச் சந்து எத்தனை மீட்டர்? கரை அருகே ஆழம் குறைகிறது, அலை உடைகிறது, துறைமுகத்தின் தடுப்புச் சுவர் நீரோட்டத்தைத் திருப்பிவிடுகிறது, அரிப்பைத் தடுக்கப் போட்ட கற்குவியல்கள் பொறி மாதிரி எண்ணெயைப் பிடித்துக்கொள்கின்றன. கப்பலிலிருந்து நூறு கிலோமீட்டர் தள்ளி என்ன நடக்கும் என்று அழகாகச் சொல்கிற நம் விஞ்ஞானம், கடைசி ஐந்து கிலோமீட்டரில் தடுமாறுகிறது. ஜனங்கள் இருப்பதோ அந்த ஐந்து கிலோமீட்டரில்.

சட்டமும் அப்படித்தான் பங்கு போட்டிருக்கிறது. 1996-இல் வந்த தேசியத் திட்டப்படி கடலில் கசிந்தால் கடலோரக் காவல் படை, துறைமுக எல்லைக்குள் துறைமுகம், கரையில் ஒதுங்கினால் மாநில அரசு. எண்ணெய்க்கு இந்த எல்லைக்கோடு தெரியாது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் மணலியிலிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலை ஆற்றுக்கும் எண்ணூர்க் கழிமுகத்துக்கும் வந்ததே, அப்போது கதை தலைகீழ். கப்பலும் இல்லை, நடுக்கடலும் இல்லை. காட்டுக்குப்பத்து ஆட்கள் படகிலும் வலையிலும் ஒட்டிய எண்ணெயோடு நின்றார்கள். ஆற்றுக்குள் நடந்ததை எந்தக் கடல் ரேடாரும் பார்க்காது. மறுபடியும் வாளி. 2025 மே மாதம் கொச்சிக்கு அருகே எம்.எஸ்.சி. எல்சா-3 கப்பல் மூழ்கியது. டாங்கியில் உலை எண்ணெய் மட்டும் 367 டன். அதோடு கன்டெய்னர்களிலிருந்து சிதறிய ஜவ்வரிசி மாதிரி பிளாஸ்டிக் மணிகள் கன்னியாகுமரிக் கரை வரை வந்து ஒதுங்கின. எண்ணெயோ மணியோ, தண்ணீர் இழுக்கிற பக்கம்தான் போகும்.

புதிதாக வந்திருப்பவற்றில் என்னைப் பரவசப்படுத்துவது 'ஸ்வாட்'. அமெரிக்காவும் பிரான்சும் சேர்ந்து 2022 டிசம்பரில் அனுப்பியது. கடல் தட்டையாக இல்லை, சில சென்டிமீட்டர் உயரத்துக்கு மேடும் பள்ளமுமாக இருக்கிறது. பூமி சுழல்வதால் தண்ணீர் அந்த மேட்டைச் சுற்றிச் சுற்றி ஓடும். மேட்டை அளந்தால் ஓட்டம் தெரிந்துவிடும். நம் நாடு 2013-இல் பிரான்சுடன் சேர்ந்து அனுப்பிய 'சரள்' போன்ற முந்தைய செயற்கைக்கோள்கள் தங்களுக்கு நேர் கீழே ஒற்றைக் கோட்டில் மட்டும் அளந்தன. ஸ்வாட் நூற்று இருபது கிலோமீட்டர் அகலத்துக்குப் பாய் விரித்த மாதிரி அளக்கிறது. சின்னச் சின்னச் சுழல்கள் எல்லாம் தெரிகின்றன. ஆனாலும் அதே இடத்துக்குத் திரும்பி வர இருபத்தோரு நாள். எண்ணெய் காத்திருக்காது.

அந்தச் சின்னச் சுழல்கள் முக்கியம். மெக்சிகோ வளைகுடாவில் 2012-இல் சுமார் முந்நூறு மிதவைகளை ஒரே சமயத்தில் கடலில் விட்டார்கள். 2016-இல் மக்கிப் போகிற பொருளில் செய்த மிதவைகள் ஏறக்குறைய ஆயிரம். செயற்கைக்கோளுக்குத் தெரியாத சின்ன ஓட்டங்கள்தான் அவற்றை வேகமாகப் பிரித்தன. அதைவிட ஆச்சரியம், பிரிந்தவை சில இடங்களில் மறுபடி ஒரே கோட்டில் வந்து குவிந்தன. எண்ணெயும் அப்படித்தான், பரவிக்கொண்டே மட்டும் போவதில்லை, கோடு கட்டிச் சேரும். நுரையும் குப்பையும் கோடு கட்டி நிற்கிற இடத்தில் மீனும் நிற்கும் என்று நம் மீனவர்கள் அங்கேதான் வலை போடுகிறார்கள். ஆயிரம் மிதவை செலவழித்து வெள்ளைக்காரன் கண்டது, காசிமேட்டில் டீக்கடைப் பேச்சு.

இதையெல்லாம் சொல்லி நான் கடைசியில் கேட்க வந்தது இதுதான். கடைசி ஐந்து கிலோமீட்டரை அளக்கச் செயற்கைக்கோள் வேண்டாம். இன்சாட் வழியாகச் செய்தி அனுப்பும் மிதவையைப் பள்ளிக்கரணையிலேயே உருவாக்கியிருக்கிறார்கள், அது பெருங்கடலுக்கு. கரைக்கு அதைவிட எளிய சரக்கு போதும். தண்ணீர் புகாத ஒரு டிபன் டப்பா, உள்ளே இருப்பிடம் காட்டும் பழைய செல்போன், கீழே சிலுவை மாதிரி இரண்டு துணிப் பாய்கள், காற்று தள்ளாமல் தண்ணீரோடு மட்டும் போவதற்கு. இன்னொரு டப்பா பாய் இல்லாமல், காற்று எவ்வளவு தள்ளுகிறது என்று பார்க்க. கரை அருகே செல்போன் சிக்னல் எட்டும் தூரத்துக்கு இது தாராளம். சிக்னலும் வேண்டாம் என்றால், வெறும் ஆரஞ்சுப் பழம். கடல் ஆராய்ச்சியில் ஆரஞ்சுப் பழத்தை மிதக்கவிட்டு ஓட்டம் பார்ப்பது வேடிக்கை இல்லை, உண்மையாகவே செய்கிற வேலை. பாதி முங்கி மிதக்கும், தூரத்திலிருந்து தெரியும், கடலுக்குக் கெடுதல் இல்லை.

நம் மாணவர்கள் பத்துப் பேர், மாதம் ஒரு முறை, கோவளத்திலிருந்து எண்ணூர்வரை நாலைந்து குப்பங்களில், அந்தந்த ஊர்ப் படகுக்காரரைக் கூட்டிக்கொண்டு, அவர் சொல்கிற இடத்தில் விட்டு, எங்கே கரை சேர்கிறது என்று குறித்துவைத்தால், ஒரு வருஷத்தில் எந்த மாதம் எந்தக் கல் சந்தில் எது வந்து நிற்கும் என்ற படம் கையில் இருக்கும். அடுத்த கப்பல் மோதும்போது கம்ப்யூட்டர்க்காரர்களிடம் கொடுக்கலாம். தடுப்பு மிதவை எங்கே கட்டுவது என்று வட்டாட்சியரிடமும் காட்டலாம். படகு வாடகையும் டீசலும் பழைய மாணவர் சங்கம் தர வேண்டும். பொருளாளர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார், அவரோடு ஒரே அறையில் மூன்று வருஷம் இருந்தவன் நான், விடமாட்டேன். முதல் ஆறு மாதச் செலவு என்னுடையது.

(உரை முடிந்ததும் இரண்டாமாண்டு மாணவி ஒருவர் எழுந்து, "சார், டப்பா கரை ஒதுங்கினா யாராவது செல்போனை எடுத்துக்கிட்டுப் போயிட மாட்டாங்களா?" என்று கேட்டார். பேச்சாளர்: "எடுத்துக்கட்டும்மா. அது எந்தக் குப்பம்னு நமக்குத் தெரிஞ்சுடுமே!")